நாளைக்கு லாக்கியின் நாலு செடிகள்

எங்கள் கடற்கரைச் சாலைக்கு வந்து லாக்லின் மக்லெல்லன் வீடு எது என்று கேட்டால், எந்த லாக்லின் என்று திருப்பிக் கேட்பார்கள். உயிரோடு மூன்று பேர் இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்களை யாரும் எண்ணியதில்லை. ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி இந்தக் கேப் பிரெட்டன் தீவுக்கு வந்த முன்னோர்கள் பிடிலைக் கொண்டுவந்தார்கள், ஜெபமாலையைக் கொண்டுவந்தார்கள், பெயர்களை மட்டும் ஏழெட்டுக்கு மேல் கொண்டுவரவில்லை. அதனால் பட்டப்பெயர் இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது.

கரி டன்கன் இருக்கிறான். அவனுடைய கொள்ளுத்தாத்தா சுரங்கத்திலிருந்து கால்சட்டைக்குள் நிலக்கரியை ஒளித்துக்கொண்டு வந்து பிடிபட்டவர். டன்கன் வீட்டில் இப்போது மின்சார அடுப்புதான், ஆனாலும் அவன் கரி. இரண்டு சட்டை ரோரி இருக்கிறான். அவன் தாத்தா, பெட்டி தூக்கச் சோம்பல்பட்டுத் தன் கல்யாணத்துக்கு இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனவர். ரோரி கோடைகாலம் முழுக்கச் சட்டையே போடாமல் திரிகிறான், அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. நிலத்தைப் பாகம் பிரிக்கலாம். பட்டப்பெயர் ஒவ்வொரு வாரிசுக்கும் முழுசாகப் போய்ச் சேரும்.

அந்த மூன்று லாக்லின்களில் நம்முடைய ஆள் நாளைக்கு லாக்கி. அவன் தாத்தா ஓர் ஆகஸ்ட் மாதம், அறுத்துக் காயப்போட்ட புல் வயலில் கிடக்க, சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். எப்போது உள்ளே கொண்டுபோகப் போகிறாய் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள். "நாளைக்கு" என்றார். அன்று சாயங்காலம் பிடித்த மழை மாதா திருநாள்வரை விடவில்லை. அந்தக் குளிர்காலத்தை அவருடைய மாடுகள் அக்கம்பக்கத்து வீட்டுப் புல்லைத் தின்று கழித்தன. அவருடைய மகன், அதாவது லாக்கியின் அப்பா, தம் பங்குக்கு ஒரு படகு கட்ட ஆரம்பித்தார். அடிப்பாகம் முடிந்தது. அது இன்றைக்கும் கொட்டகையில் இருக்கிறது. கோழிகளுக்கு வசதி.

லாக்கி பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஒரு தடவைகூட அவன் பஸ் தாமதமாக வந்ததில்லை. பனிப்புயலில் சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியாத காலைகளிலும் சரியான நேரத்துக்கு வந்து ஒலிப்பானை அடிப்பான். அதற்கும் ஊரில் பதில் இருந்தது. "அவன் நேத்து வரவேண்டியவன், இன்னைக்கு வந்திருக்கான்" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அவனுக்கு ஒரே மகள், கத்ரியோனா. அப்பாவின் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவாள். ஒரு நாள் திரும்பி வரும்போது அவனுக்குப் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவள் கை தூக்கியபோது வகுப்பே சேர்ந்து "நாளைக்குச் சொல்லு" என்று கத்தியிருக்கிறது. லாக்கி அவளைக் கண்ணாடியில் பார்த்தான். பஸ் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தான். பெரியவளானதும் அவள் எல்லாரையும்போல வேலை தேடி மேற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போனாள். அவன் மட்டும், அந்த இருக்கையில் அழவைத்த பெயர்தான் அவளை ஊரைவிட்டுத் துரத்தியது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டான்.

ஓய்வு பெற்ற பிறகு பெயர் கொஞ்சம் நைந்துபோகத் தொடங்கியது. சின்னப் பையன்கள் பஸ் லாக்கி என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்த நல்ல நேரத்தில் பார்த்து அவன் கஞ்சா பயிரிட்டான்.

கஞ்சா என்றதும் பதற வேண்டாம். வீட்டுக்கு நாலு செடி என்று சட்டமே அனுமதித்துவிட்டது. பாடகர் குழுத் தலைவி தக்காளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பாதிரியார் அந்தப் பக்கம் போகும்போது தக்காளியை மட்டும் பாராட்டுவார். லாக்கி பயிரிட்டது மனைவி மொராகின் கைகளுக்காக. ஊர்க்கூடத்தில் நடனம் என்றால் பியானோவில் மொராக்தான் உட்காருவாள். இப்போது அவள் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்குபோல வீங்கிவிட்டன. பூவை வெண்ணெயில் காய்ச்சி ரொட்டியில் துளி தடவித் தின்றால் தூங்குவாள். தேன்மெழுகில் குழைத்துத் தடவினால் விரல் மடங்கும். கடையில் விற்பதை அவள் நம்பவில்லை. "எந்த மருந்தத் தெளிச்சானோ, எவன் கண்டான்?" என்பாள். அதனால் அவர்கள் செடிக்கு மருந்தும் கிடையாது, மூட்டை உரமும் கிடையாது. கரையில் ஒதுங்கும் கடல்பாசி, இடித்த சிங்கி இறால் ஓடு, ரோரி வீட்டு ஆட்டுப்புழுக்கை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கோடை, விருந்தாளி மாதிரி. வருவதற்கு ஜூன் ஆகிவிடும், செப்டம்பரில் மூட்டை கட்டும். பூ பழுப்பதற்கும் உறைபனி விழுவதற்கும் நடுவில் ஓர் இடுக்கு உண்டு, அதற்குள் வெட்டியாக வேண்டும். முன்னால் வெட்டினால் பிஞ்சு. பிஞ்சு தூங்க வைக்காது, நெஞ்சைத்தான் படபடக்க வைக்கும். தள்ளிப்போட்டால் கடல் மூட்டம் பூவுக்குள் புகுந்து பூஞ்சை பிடிக்கும். போன வருஷம் செடிகள் ஆள் உயரம் வளர்ந்து, குரங்கு வால் தடிமனுக்குப் பூத்து நின்றன. வேலியருகே வந்த டன்கன், எப்போது வெட்டப்போகிறாய் என்று கேட்டான். லாக்கி யோசிக்காமல் சொல்லிவிட்டான். என்ன சொன்னான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று இறங்கிய மூட்டம் ஒரு வாரம் இருந்தது. பூவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு. நாலு செடியும் எருக்குழிக்குப் போயின. அந்தக் குளிர்காலம் மொராக் தூங்கவில்லை. நாளைக்கு லாக்கி என்ற பெயர் புதுச் சாயம் அடித்ததுபோலப் பளிச்சென்று திரும்பி வந்தது.

பனி உருகும் முன் கத்ரியோனா ஆல்பர்ட்டாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆண் குழந்தை பிறந்திருந்தது.

"அப்பா, அக்டோபர்ல நன்றித் திருநாளுக்கு வர்றோம். ஞானஸ்நானம் நம்ம கோயில்லயே குடுத்துடலாம்."

"வாங்க, வாங்க. என்ன பேரு வெச்சிருக்கே?"

"லாக்லின்."

"ஏற்கெனவே மூணு பேர் இருக்கோமேம்மா."

"அதான் கேக்குறேன். பையனை அங்க என்னன்னு கூப்பிடுவாங்க?"

லாக்கிக்குப் பஸ் கண்ணாடியில் பார்த்த முகம்தான் ஞாபகம் வந்தது. ஞானஸ்நானம் முடிந்து ஊர்க்கூடத்தில் விருந்து நடக்கும். கிழங்கள் எல்லாம் குழந்தையை மடியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எந்த லாக்லின் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள். அதற்குள் இந்தப் பெயரைத் தொலைத்துவிடுவது என்று அவன் தீர்மானித்தான். இந்த வருஷம் செடியை நேரத்துக்கு வெட்டியே தீர வேண்டும். ஊர் பார்க்க வெட்ட வேண்டும்.

முதல் வேலையாக அந்தச் சொல்லையே விட்டான். மழை எப்போது வரும் என்று கேட்டவனிடம், "இன்னைக்கு இருட்டி, திரும்ப விடியுமில்ல, அப்ப வரும்" என்றான். மொராக் ஒரு மாதம் பொறுத்தாள், பிறகு அவனிடம் எதற்கும் நாள் கேட்பதை நிறுத்தினாள். ஏப்ரலிலேயே விதையை அடுப்படி ஓரம் முளைக்கவைத்தான். சீக்கிரம் பூக்கிற ரகமாகத் தேடி வாங்கியிருந்தான். ஜூன் பௌர்ணமி போனதும் வெளியே நட்டு, கடல்பாசியைக் கழுவித் தூரில் பரப்பினான். மண்ணோடு கலந்த சிங்கி ஓட்டு வாசனைக்கு ஒரு நரி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆகஸ்டில் செடிகள் மொட்டு வைத்தபோது, லாக்கியைப் பெற்ற தாய்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

எங்கள் சாலையில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இதற்குமேல் கதை நகராது. லாக்கி குடும்பம் எதையும் கடைசியில்தான் செய்யும் என்பதால், அந்த வீடுதான் எங்களுக்குப் பஞ்சாங்கம். அவன் வீட்டு உருளைக்கிழங்கு வெளியே வரும் முன் நீ தோண்டிவிட்டால் உறைபனிக்குத் தப்பினாய். அவன் விறகு அடுக்கும் முன் நீ அடுக்கிவிட்டால் குளிர்காலத்துக்குப் பயமில்லை. வானொலி சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. போகும்போதும் வரும்போதும் வண்டியை மெதுவாக்கி லாக்கி தோட்டத்தைப் பார்ப்பார்கள். செடி நிற்கிறதா? நமக்கு இன்னும் நேரமிருக்கிறது. மூன்று தலைமுறையாக இந்தக் கணக்கு ஒருவரையும் கைவிட்டதில்லை. லாக்கிக்கு மட்டும் இது தெரியாது. தெருவிளக்குக்குத் தான் வெளிச்சம் தருவது தெரியுமா?

செப்டம்பர் பாதியில், தெற்கேயிருந்து ஒரு புயல் ஏறி வருகிறது, சனிக்கிழமை கரையைத் தொடும் என்று வானொலி சொன்னது. புதன்கிழமை மொராக், கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்கிற கண்ணாடியால் பூவைப் பார்த்தாள். பிசின் முத்துகள் தண்ணீர்த் துளிபோலத் தெளிவாக இருந்தன. அவை பால் நிறமாகி, அங்கங்கே தேன் நிறம் ஏறினால்தான் பழுத்ததாக அர்த்தம்.

"பச்சப் பிஞ்சு" என்றாள். "விடு. முட்டுக் குடுத்துப் போர்வையப் போத்தினா புயல் தாங்கும்."

"வெட்டிடறேன்."

"எதுக்கு?"

"பேரனுக்கு."

"பேரனுக்குப் பல்லே முளைக்கல. அவனுக்கு எதுக்கு கஞ்சா?"

வியாழக்கிழமை நடுப்பகலில், பளீரென்று வெயில் அடிக்கும்போது, எல்லாரும் சாப்பாட்டுக்கு வண்டியில் திரும்புகிற நேரமாகப் பார்த்து லாக்கி கத்தரிக்கோலோடு தோட்டத்தில் இறங்கினான். வேலியில் டன்கன் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தான்.

"டேய் லாக்கி, கையில என்ன?"

"கத்தரிக்கோல்."

"எதுக்கு?"

"வெட்டறதுக்கு."

"எப்ப?"

"இப்ப."

"இப்பன்னா... இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்" என்று சொல்லி லாக்கி முதல் செடியை அடியோடு வெட்டினான். பிறந்ததிலிருந்து அப்படியொரு ஆனந்தம் அவனுக்குக் கிடைத்ததில்லை. டன்கன் குவளையை வேலிக்கம்பத்தில் வைத்துவிட்டு ஓடினான். அவன் அப்படி ஓடி நாங்கள் பார்த்தது, அவன் வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்தபோதுதான்.

லாக்கி மூன்றாவது செடியை முடித்து நாலாவதில் கை வைத்தபோது மொராக் வந்து நடுவில் நின்றாள். "இது என் கைக்கு. இதத் தொட்டே, உங்கப்பா படகுலதான் உனக்குப் படுக்கை" என்றாள். கோழிகளோடு படுப்பதைப் பற்றி அவன் கொஞ்சம் யோசித்தான். மூன்று போதும் என்று கத்தரிக்கோலைத் துடைத்தான்.

அதற்குள் செய்தி சாலையின் கோடிவரை போய்விட்டது. லாக்கியே வெட்டுகிறான் என்றால் வருவது புயல் இல்லை, உலக முடிவு. ஊர் நர்ஸம்மா, ரோரி, பாடகர் குழுத் தலைவி என்று ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ரோரி ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கருவியால் வெட்டினான். இருட்டுவதற்குள் எங்கள் சாலையில், மொராக் காப்பாற்றிய அந்த ஒன்றைத் தவிர, நின்றுகொண்டிருந்த கஞ்சாச் செடி ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை புயல் கிழக்கே திரும்பிக் கடலோடு போனது. ஒரு தூறல் இல்லை. அடுத்து வந்த வாரங்களில் அடித்த வெயில், அந்தக் கோடை மொத்தமும் அடிக்காத வெயில். மேப்பிள் மரங்கள் சிவந்தன, கடல் கண்ணாடியாகக் கிடந்தது. எல்லார் வீட்டு மாடியிலும் பச்சைப் பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. ரோரி அதில் கொஞ்சம் தேநீரில் போட்டுக் குடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விறகு பிளந்தான். ரோரி விறகு பிளந்து யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

புயலைத் திட்ட முடியாது. வானொலிக்காரர் எங்கேயோ ஹாலிஃபாக்ஸில் இருக்கிறார். லாக்கி பக்கத்து வீட்டில் இருந்தான்.

"உன்ன நம்பித்தான்டா வெட்டினோம்" என்றான் ரோரி.

"என்ன நம்பச் சொல்லி நான் சொன்னேனா?"

"உங்க தாத்தா காலத்துலேருந்து நம்பிட்டிருக்கோம். நீ பாட்டுக்கு ஒரு நாள் திடீர்னு சுறுசுறுப்பாயிட்டா நாங்க எங்க போறது?"

மேலே தொங்கிய மூன்று செடிகளும் மொராகுக்குப் பிரயோஜனமில்லை. அது லாக்கிக்கு வலித்தது. ஆனாலும் பெயர் போய்விட்டதல்லவா என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

நாலாவது செடியை மொராக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலமானால் முட்டுக்கொம்புகளின் மேல் ரோஜாப்பூப் போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்துவாள், வெயில் ஏறியதும் எடுப்பாள். குளிர் கூடின நாட்களில் எடுக்கவே மாட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அந்த ரோஜாப்பூவை ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

அக்டோபரில் கத்ரியோனா வந்தாள். கணவன் ஓஸ்டாப், ஆல்பர்ட்டாவில் கோதுமை விளைவிக்கிற குடும்பம், அதிகம் பேசாதவன். ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. தண்ணீர் ஊற்றியபோதும் குழந்தை தூங்கியது. பிறகு ஊர்க்கூடத்தில் வான்கோழி, டர்னிப் மசியல், ஓட்ஸ் ரொட்டி. சாப்பாடு ஆனதும் மொராக் பியானோவில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டு வாசித்தாள். இரண்டாவதின் பாதியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். லாக்கியால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அவன் ஓட்ஸ் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது டன்கன் எழுந்து குவளையைத் தட்டினான்.

"பெரியவங்க எல்லாம் பேசி முடிச்சுட்டோம். லாக்கிக்கு இனிமே பழைய பேரு கிடையாது. அதுக்கு அவனுக்குத் தகுதி இல்ல. இனி அவன் வியாழக்கிழமை லாக்கி. இதோ தூங்குறானே, இவன் சின்ன வியாழக்கிழமை."

கூடம் சிரித்தது. லாக்கி மகளைப் பார்த்தான். அவள் நிம்மதியாகச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் சுருங்கியது.

"என்னப்பா இது? வியாழக்கிழமைன்னா என்ன? நம்ம பேரு எங்க?"

"அத நான்தான் தொலைச்சேன்மா. உனக்காக. நீ பஸ்ல அழுதியே."

"ரெண்டாங் கிளாஸ்ல அழுதேன். மூணாங் கிளாஸ்ல அந்தப் பையனுங்கள அடிச்சேன், அது உனக்குத் தெரியாதா?" அவள் கண் கலங்கிவிட்டது. "அங்க நான் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாதுப்பா. பேரு சொன்னா எழுத்துக்கூட்டச் சொல்றான். இங்க வந்து எறங்கினா, 'நாளைக்கு லாக்கி பொண்ணா நீ'ன்னு கேப்பாங்க, அதக் கேக்கத்தான் மூவாயிரம் மைல் வந்தேன். என் பையனுக்கு அதக் குடுக்கலாம்னு கூட்டிட்டு வந்தா, நீ வித்துத் தின்னுட்டியே!"

ஓஸ்டாப் தட்டைக் கீழே வைத்தான். ஒரு வருஷம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கு, ஓடியது எதிர்ப்பக்கம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? லாக்கிக்கு அப்படித்தான் இருந்தது. அவமானமாகவும் இருந்தது, நெஞ்சு கொள்ளாத சந்தோஷமாகவும் இருந்தது.

கரி டன்கன் ஒன்றும் கெட்டவன் இல்லை. தொண்டையைக் கனைத்தான். "லாக்கி, தோட்டத்துல இன்னும் ஒண்ணு நிக்குதில்ல? போர்வைக்குள்ள?"

"நிக்குது."

"ராத்திரி உறைபனின்னு சொல்றாங்க. அத எப்ப வெட்டப்போறே?"

கரண்டி ஒன்று கீழே விழுந்தது, யாரும் குனியவில்லை. லாக்கி மகளைப் பார்த்தான். பேரனைப் பார்த்தான். பியானோப் பக்கம் பார்த்தான். மொராக் விரல்களைத் தேய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செடிதான் அவளுடைய குளிர்காலம் முழுக்க. அது அவனுக்குத் தெரியும்.

"நாளைக்கு" என்றான்.

கூடம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டல். டன்கன் அவனைக் கட்டிக்கொண்டான். ஒரு கிழவி குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "சின்ன நாளைக்கு!" என்று கூவினாள். குழந்தை அப்போதுதான் கண் திறந்தது, எல்லாம் முடிந்த பிறகு.

காலையில் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. லாக்கி தோட்டத்துக்கு ஓடினான். ரோஜாப்பூ விரிப்பைத் தூக்கினான். உள்ளே முட்டுக்கொம்புகள் நின்றன. செடி இல்லை. கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் அடித்தண்டு, அவ்வளவுதான்.

அடுப்படியில் மொராக் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"செடியக் காணோம்!"

"மேல் அறையில தொங்குது. தேன் நிறம் ஏறிடுச்சு. நேத்து காலைல நீ கூடத்துக்கு நாற்காலி போடப் போனப்ப வெட்டினேன். இந்த விரலால மெதுவாத்தான் முடிஞ்சுது."

"நேத்தேவா? அப்ப நான் அத்தனை பேர் முன்னாடி..."

"நல்லாத்தான் சொன்னே" என்றாள் மொராக். "பேரு உங்க குடும்பத்தோடது, லாக்கி. செடி என்னோடது."

அவன் அவளுடைய வீங்கிய கைகளைப் பிடித்துக்கொண்டான். அவள் விடுவித்துக்கொண்டாள். "போர்வையத் திரும்பப் போட்டுட்டு வா. டன்கன் வெளிய வர்ற நேரம்."

லாக்கி போய்ப் போட்டான். கொம்புகளின் மேல் இழுத்து, ஓரத்தை ஒழுங்காகச் செருகினான். வேலியருகே டன்கன் குவளையோடு வந்து நின்றான்.

"என்னடா, இன்னும் வெட்டலையா?"

மாடி ஜன்னலில் கத்ரியோனா குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று லாக்கி சத்தமாகச் சொன்னான்.

"நாளைக்கு!"